கல்லறைக் கல்லும் பதிவேட்டுப் பக்கமும்

அவையோருக்கு என் வணக்கம். கல்லறைத் தோட்டங்களில் கிடைக்கும் ஆவணங்களையும் பொருள்களையும் காப்பது பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். பொதுப்படையாகப் பேசினால் எல்லோரும் தலையசைத்துவிட்டுக் கலைந்துவிடுவோம் என்பதால், சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தின் முற்றத்தையே என் பேச்சுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

1680 அக்டோபரில் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட அந்தத் தேவாலயத்தைச் சுற்றிலும் கல்லறைப் பலகைகள் தரையோடு தரையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஆங்கிலம், இலத்தீன், போர்த்துக்கீசியம், ஆர்மீனியம் எனப் பல மொழிகளில் எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். முதன்முறை வருகிறவர்கள், காலுக்கடியில் யாரோ உறங்குகிறார்கள் என்று எண்ணி ஒதுங்கியே நடப்பார்கள். ஆனால் அந்தக் கற்களில் பெரும்பாலானவற்றின் கீழே அவற்றுக்கு உரியவர் எவரும் இல்லை. அவர்கள் புதைக்கப்பட்ட இடம் கோட்டைக்கு வெளியே, இன்று பழைய சட்டக் கல்லூரி வளாகம் இருக்கும் நிலம். 1758 டிசம்பரில் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது, அங்கிருந்த உயரமான கல்லறைகள் அந்தப் படைக்கு மறைவிடமாகப் பயன்பட்டன. முற்றுகை விலகியதும் ஆங்கிலேயர் அவற்றை இடித்துத் தள்ளினார்கள். பெயர் பொறித்த பலகைகளை மட்டும் பெயர்த்துத் தேவாலய முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். அத்தோடும் அவற்றை விட்டுவைக்கவில்லை. ஐதர் அலியின் படையெடுப்புக் காலத்தில், 1782-இல், அதே பலகைகளில் பலவற்றைப் பெயர்த்தெடுத்துக் கோட்டைச் சுவர் மேல் பீரங்கிகளுக்கு அடித்தளமாகப் போட்டார்கள் என்றால், கல்லுக்கும் நிம்மதியில்லாத ஊராக இது இருந்திருக்கிறது!

இப்படி இடம் மாறிய கற்களுக்கு ஆவணம் என்ற தகுதி உண்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உண்டு, ஆனால் தனியே நின்றால் பாதித் தகுதிதான். தேவாலயத்தின் பதிவேடு 1680-இல்தான் தொடங்குகிறது. கோட்டையின் தலைவராக இருந்த ஆரன் பேக்கரின் மனைவி எலிசபெத் பேக்கர் இறந்தது 1652-இல். இந்தியாவின் மிகப் பழைய ஆங்கிலக் கல்லறைக் கல்வெட்டுகளுள் ஒன்றாகக் கருதப்படும் அவருடைய கல் அழிந்திருந்தால், இந்தத் தேவாலயத்தின் ஏடுகளில் அவரைத் தேடிப் பயனில்லை. மறுபுறம், கல் வெட்டக் காசு இருந்தவர்களுக்கே கல் நின்றது. சாதாரணச் சிப்பாய்களும் பிறந்த சில நாள்களில் போன குழந்தைகளும் பதிவேட்டின் ஒற்றை வரியில் மட்டுமே இருக்கிறார்கள். 1698 முதலான சென்னை மாகாணப் பதிவுகளின் படிகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகத்துக்குக் கப்பலேறிப் போய், இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. கணக்குப் பார்க்கும் கம்பெனியின் பழக்கம் நமக்குச் செய்த நன்மை அது.

1905-இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சென்னை மாகாணம் முழுவதிலும் இருந்த கல்லறை வாசகங்களைத் தொகுத்து வெளியிட்டார். அதற்குப் பிறகு வெயிலிலும் மழையிலும் தேய்ந்துபோன எழுத்துகளை இன்று அவருடைய பட்டியலை வைத்துத்தான் படிக்க முடிகிறது. வாசகம்தான் அச்சில் இருக்கிறதே, கல் எதற்கு என்று கேட்டுவிட வேண்டாம். கல்கத்தாவில், அந்நகரை நிறுவியவராகச் சொல்லப்படும் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர், அது நம் பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிப் பாறையை ஒத்திருப்பதைக் கண்டு, அந்தப் பாறை வகைக்கே சார்னாக்கைட் என்று 1893-இல் பெயர் சூட்டினார். வாசகத்தை எத்தனை முறை படியெடுத்திருந்தாலும் இந்தச் செய்தி கிடைத்திருக்காது.

பராமரிப்பு என்ற பெயரில் நடக்கும் சேதத்தையும் சொல்ல வேண்டும். பாசி படிந்த பலகையைக் கம்பித் தூரிகையாலும் அமிலத்தாலும் தேய்ப்பது, எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்புக்கட்டியால் நிரப்புவது, விரிசலில் சிமெண்ட் அடைப்பது ஆகிய மூன்றும் பார்வைக்கு உடனே பலன் தருவதால்தான் ஆபத்தானவை. தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். எழுத்தைப் படிக்க வேண்டுமானால் காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படமெடுங்கள்; நண்பகலில் கண்ணுக்கே புலப்படாத வெட்டுகள் நிழல் தாங்கித் தெளிவாக எழுந்து வரும்.

பழைய இடுகாட்டில் 1759-இன் இடிப்புக்குத் தப்பியவற்றுள் ஒன்று, கம்பெனியின் சென்னை ஆளுநராக இருந்த எலிஹு யேலின் சிறுவயது மகன் டேவிட்டுக்கும், யேல் மணந்த பெண்ணின் முதல் கணவர் ஜோசப் ஹின்மர்சுக்கும் உரிய கூம்புத் தூண். அந்தத் திருமணமும் 1680-இல் இதே தேவாலயத்தில்தான் நடந்தது. தூணை வேறிடத்துக்கு மாற்றுமாறு 2023-இல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஒருவர் உத்தரவிட்டபோது, அது வேண்டுமா வேண்டாமா என்றே எல்லோரும் வாதிட்டார்கள். வழக்கின் சட்டப் பக்கத்துக்குள் நான் போகவில்லை. தன் இடத்திலேயே நிற்பதால்தான் முற்றத்துப் பலகைகள் எங்கிருந்து பெயர்க்கப்பட்டன என்பதற்கு அந்தத் தூண் கண்கண்ட சாட்சியாக இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அஸ்திவாரம் தோண்டும்போதோ குழாய் பதிக்கும்போதோ ஓர் உடைந்த கல்லோ, பித்தளைப் பிடியோ, பீங்கான் துண்டோ இனியும் வெளிப்படலாம். அதைக் கழுவி மேசைமேல் வைப்பதற்கு முன், கிடந்த நிலையிலேயே அளவுகோல் வைத்துப் படமெடுத்து, எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம், எந்தத் திசை நோக்கி, கூடவே என்ன கிடந்தது என்று எழுதி, நாளும் எழுதியவர் பெயரும் இட்டு, ஒரு படியைத் தேவாலயத்திலும் ஒரு படியை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் சேர்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.