காரணம் சொல்லும் மனம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். மனித மனத்தை என்றேனும் முழுமையாகப் புரிந்துகொள்ள முடியுமா என்று கேட்டால், மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதால் காலம் ஆகும், ஆனால் கருவிகள் மேம்பட மேம்பட ஒருநாள் முடிந்துவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். எண்ணிக்கை மட்டுமே தடை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஓர் உருளைப்புழுவுக்கு நரம்பணுக்கள் 302தான். அவை ஒன்றோடொன்று இணைந்திருக்கும் விதத்தைக் காட்டும் வரைபடம் 1986-இலேயே வெளியாகிவிட்டது. ஆயினும் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் புழு அடுத்த கணம் எப்பக்கம் திரும்பும் என்று சொல்லிவிட முடியாது. இணைப்புகளைத் தாண்டிப் பரவும் வேதிப்பொருள்கள், பசியில் ஒரு விதமாகவும் பசி தீர்ந்தபின் வேறு விதமாகவும் அதே நரம்புகளை இயங்க வைக்கின்றன.

என்னை இதைவிட ஆழமாக உலுக்கியது வேறொரு சோதனை. கடுமையான வலிப்பு நோயைக் கட்டுப்படுத்துவதற்காக, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையைச் சிலருக்கு அறுவை சிகிச்சையில் துண்டித்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஒருவரை மூளை ஆய்வாளர்களான மைக்கேல் கசானிகாவும் ஜோசப் லெடூவும் 1970-களில் ஆராய்ந்தார்கள். பேசும் திறன் உள்ள இடப்பாதிக்கு மட்டும் ஒரு கோழிக்காலின் படத்தையும், வலப்பாதிக்கு மட்டும் பனி மூடிய ஒரு காட்சியையும் காட்டிவிட்டு, பொருத்தமான படங்களை எடுக்கச் சொன்னபோது, அவருடைய வலக்கை கோழியையும் இடக்கை மண்வாரியையும் சுட்டின. இடக்கையை இயக்குவது வலப்பாதி; அது பார்த்த பனியை அள்ளத்தான் மண்வாரி. ஆனால் பேசும் பாதியோ பனியைப் பார்க்கவே இல்லை. ஏன் இவற்றை எடுத்தீர்கள் என்று கேட்டதும், கோழிக்காலுக்குக் கோழி பொருந்தும், கோழிக்கொட்டகையைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டுமல்லவா என்று அவர் தயங்காமல் விடை சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை; அதுதான் காரணம் என்று அவர் மனமாரவே நம்பினார்.

அவருக்கு நேர்ந்தது அறுவை சிகிச்சையின் விளைவு என்று ஒதுக்கிவிடலாமா? சுவீடன் ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இரண்டு முகங்களில் தமக்குப் பிடித்ததைத் தேர்ந்தவர்களிடம், அவர்கள் அறியாமல் மற்ற முகத்தின் படத்தை மாற்றிக் கொடுத்தார்கள். பெரும்பாலான முறை அந்த மாற்றம் பிடிபடவில்லை. தாம் தேர்ந்தெடுக்காத முகத்துக்கே பலர் காரணம் அடுக்கினார்கள். அவர்களுடைய மூளையில் யாரும் கத்தி வைக்கவில்லை.

ஆகவே, மனத்தைப் பற்றிய விளக்கத்தை மனத்திடமே கேட்டுப் பெறுவதில் ஓர் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. வெளியிலிருந்து கருவிகளால் அளக்கலாமே என்பீர்கள். அளக்கத்தான் வேண்டும், நினைவு, வலி, உறக்கம் ஆகியவற்றின் இயக்கங்களை அவ்வாறே இவ்வளவு தூரம் அறிந்திருக்கிறோம். ஆனால் கோளின் பாதையைக் கணித்துச் சொல்வதால் கோள் விலகிச் செல்வதில்லை; மனிதரோ தம்மைப் பற்றிச் சொல்லப்பட்டதைக் கேட்ட அளவிலேயே சற்று வேறொருவராகிவிடுகிறார். அந்த மாற்றத்தையும் சேர்த்து அறிய முயன்றால், அந்த அறிவு மீண்டும் அவரை மாற்றும். முழுமை என்ற சொல்லை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

இதைப் படித்த நாளிலிருந்து, வீட்டில் கடிந்து பேசிவிட்டு அதற்கு நான் நியாயம் சொல்லத் தொடங்கும்போதெல்லாம், அந்த மனிதர் பார்த்தும் அறியாத பனிக்காட்சி என் கண்முன் வந்து நிற்கிறது.