உலைக்கு முன்னால் கம்பி

கடலூரில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்

அவையோருக்கு வணக்கம்.

வளரும் நாடுகளில் அணுமின் நிலையம் என்றதும் பேச்சு நேரே உலைக்குப் போய்விடுகிறது. ரஷ்ய உலையா, கொரிய உலையா, சின்ன உலையா? மனை பார்க்காமல் வாசற்கதவுக்குத் தேக்கு வாங்கப் போகிற கதைதான். நான் கம்பியிலிருந்து தொடங்குகிறேன்.

மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் கம்பி வலைதான் மின்தொகுப்பு. அதில் எந்த ஒற்றை எந்திரமும் மொத்தத் திறனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது திட்டமிடுவோரின் கைக்கணக்கு. 1,000 மெகாவாட் எந்திரம் திடீரென நின்றால் அந்தச் சுமை மற்ற எந்திரங்களின் தலையில் விழும். 50 ஹெர்ட்ஸ் அலைவெண், அதாவது மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை துடிக்கும் வேகம், சரியும். எல்லைக்குக் கீழே போனதும், தங்களைக் காத்துக்கொள்ள அவையும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும்.

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில் பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்கருவியில் பட்டது. தீவு முழுக்க மின்சாரம் போனது. நுரைச்சோலை அனல் நிலையத்தின் மூன்று 300 மெகாவாட் எந்திரங்களும் நின்று, அடுத்த சில நாட்கள் மின்வெட்டு. அங்கே உச்சத் தேவையே 3,000 மெகாவாட்டுக்குள் அடங்கிவிடும். அதில் 1,000 மெகாவாட் உலை ஒன்றை நட்டால், ஒன்றரை ஆண்டுக்கொருமுறை எரிபொருள் மாற்ற நிறுத்தும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மாற்று ஏற்பாடு வேண்டும். சின்ன உலை நல்ல யோசனைதான். ஆனால் விளம்பரப் படங்களில் இருப்பவை ஏராளம், ஓடிக்கொண்டிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

அணு உலைக்கே வெளி மின்சாரம் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுவைக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. பலாவும் முந்திரியும் சாய்ந்த அதே காலையில் மின்கம்பங்களும் சாய்ந்தன. அப்படி ஒரு நாளில் உலைக்கு என்ன ஆகும்?

நிலக்கரி போடுவதை நிறுத்தினால் அனல் நிலையத்தின் கொதிகலன் ஆறிவிடும். உலையில் அணுப்பிளவை நிறுத்தினாலும், பிளந்த துண்டுகள் சிதைந்தபடி வெப்பம் விட்டுக்கொண்டே இருக்கும். 1,000 மெகாவாட் மின்சாரத்துக்காக 3,000 மெகாவாட் வெப்பம் தரும் உலையில், நிறுத்திய கணத்தில் அது ஆறேழு விழுக்காடு, அதாவது 200 மெகாவாட் வரை. ஒரு நாள் கழித்தும் ஏறத்தாழ 15 மெகாவாட். அந்தப் பதினைந்தைத் தண்ணீரை ஆவியாக்கியே வெளியேற்றுவதானால் மணிக்கு 20 டன் வேண்டும். 12,000 லிட்டர் லாரி மணிக்குக் கிட்டத்தட்ட இரண்டு, ராப்பகலாக.

அந்தத் தண்ணீரை ஓட்டும் பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும். ஆகவே வெளியிலிருந்து குறைந்தது இரண்டு மின்பாதைகள் வரவேண்டும். இரண்டும் ஒரே கோபுர வரிசையில் தொங்கினால் அது ஒரு பாதைதான். ஒரு புயல் போதும். அவை போனால் நொடிகளில் டீசல் ஜெனரேட்டர்கள் எழவேண்டும். அதுவரை கருவிகளைப் பேட்டரி தாங்கும். 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வந்ததும் உலைகள் ஒழுங்காகவே நின்றன, டீசல்களும் ஓடின. பின்னால் வந்த ஆழிப்பேரலை, தாழ்வாக வைத்திருந்த டீசல்களையும் மின்பலகைகளையும் மூழ்கடித்தது.

தண்ணீருக்கு வருவோம். ஆவியைக் குளிர்விக்க எடுத்த கடல்நீரை 7 டிகிரிக்கு மேல் சூடேற்றாமல் திருப்பிவிடுவதானால், 1,000 மெகாவாட் உலைக்கு நொடிக்கு 70 டன் நீர் ஓடவேண்டும். நம் வீராணம் நிரம்பினால் 1.465 டி.எம்.சி. இந்த வேகத்தில் ஏரி முழுவதும் ஏழே நாளில் குழாய்க்குள் போய் வந்துவிடும். அதனால்தான் இத்தகைய நிலையங்கள் கடலோரத்தைத் தேடுகின்றன. கடலுக்கும் தொல்லைகள் உண்டு. கல்பாக்கத்தில் சொறி எனும் ஜெல்லிமீன் கூட்டமாக வந்து உறிஞ்சுவாயின் வலையை அடைப்பது பழைய தலைவலி. 2004 ஆழிப்பேரலையில் அங்கே பம்ப் அறைக்குள் நீர் புகுந்தது; ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் அலகைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள்.

பணத்தைப் பற்றி ஒரே கணக்கு. முதல் ஆண்டில் கடன் வாங்கிப் போட்ட 100 ரூபாய், 8 விழுக்காடு கூட்டு வட்டியில் ஆறு ஆண்டில் 159. வேலை இழுத்துப் பத்தாண்டு ஆனால் 216. பிலிப்பைன்ஸின் பட்டான் நிலையம் 621 மெகாவாட். 1980களில் கட்டி முடித்தும் எரிபொருளே ஏற்றவில்லை. ஒரு யூனிட் கூடத் தராத அந்த நிலையத்துக்கு 2007 வரை கடன் கட்டினார்கள்.

வேலையின் தரத்தைச் சோதிக்கும் பாதுகாப்பு ஆய்வாளர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பன்னாட்டு அணுசக்தி முகமை புதிய நாடுகளுக்கு மூன்று கட்டங்கள், 19 அம்சங்கள் வகுத்திருக்கிறது. 10 முதல் 15 ஆண்டுகள் ஆகும் என்கிறது. பணத்துக்குக் குறைவில்லாத ஐக்கிய அரபு அமீரகமே 2009இல் ஒப்பந்தம் போட்டு 2020இல்தான் முதல் மின்சாரம் எடுத்தது. பற்றவைப்பின் (வெல்டிங்) எக்ஸ்ரே படத்தைப் பார்த்து ‘இது கூடாது, வெட்டி மறுபடி போடு’ என்று சொல்லும் ஆள் உள்ளூரில் வேண்டும். அவர் சம்பளமும் பதவி உயர்வும் உலை வாங்கும் துறையின் கையில் இருந்தால், அந்த வார்த்தை வாயில் வராது.

எங்கேயாவது கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போனால் உலையின் பெயரை விடுங்கள். டீசல் அறையின் தரை கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். இரண்டாவது மின்பாதை எந்த ஊர் வழியாக வருகிறது என்றும் கேளுங்கள்.