திரும்பும் தேதி தெரியாதவர்களுக்கு எந்த விசா?

நேயர்களுக்கு வணக்கம். கும்பகோணத்தில் 22 வருடமாக விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். கடை சின்னதுதான். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், பிரிண்டர், சுவரில் ஒரு மாதக் காலண்டர். அந்தக் காலண்டரும் பென்சிலும் இல்லாமல் என் வேலை நடக்காது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வந்து உட்காருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எத்தனை நாள் இருப்பீங்க?" முக்கால்வாசிப் பேருக்குப் பதில் தெரியாது. தெரியாததில் தப்பே இல்லை. நம் பக்கத்து ஆட்கள் வெளிநாடு போவது பெரும்பாலும் பிள்ளைகளைப் பார்க்கத்தான். மகளுக்குப் பிரசவம் என்று போகிறோம். டாக்டர் சொன்ன தேதியிலா குழந்தை பிறக்கிறது? அப்புறம் வயல் இருக்கிறது. சொந்தக்காரர் வீட்டு நல்லது கெட்டது இருக்கிறது. ஆனால் விண்ணப்பத்தில் "மகளுக்கு உடம்பு தேறினதும் வருவேன்" என்று எழுத இடம் கிடையாது. அங்கே தேதிதான் கேட்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விசாவில் இரண்டு கணக்கு இருக்கிறது. எந்தத் தேதிவரை அந்த நாட்டுக்குள் நுழையலாம் என்பது ஒன்று. நுழைந்தபின் எத்தனை நாள் தங்கலாம் என்பது இன்னொன்று. கல்யாண மண்டபக்காரர் உங்களிடம், "இந்த வருஷத்துல எந்த முகூர்த்தம் வேணும்னாலும் எடுத்துக்குங்க, எடுத்தா ஒன்றரை நாள்தான்" என்று சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். வருடம் வேறு, ஒன்றரை நாள் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுவதால்தான் நம் ஆட்களுக்குத் தொல்லை வருகிறது.

எனக்கு அத்தாச்சி முறையாகிற ஒருவர், நீடாமங்கலம் பக்கம். மகள் சிங்கப்பூரில், தலைப்பிரசவம், ஊருக்கு வர முடியாத நிலை. அத்தாச்சிக்கு 2 வருடத்துக்கு, பல தடவை போய்வரக்கூடிய விசா கிடைத்தது. அவர் மகன் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு ரெண்டு வருஷ விசா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். அத்தாச்சியும் மூன்று மாதக் கணக்கில் சாமான் கட்டினார். பிரசவ லேகியமே இரண்டு டப்பா. திருச்சியில் விமானம் ஏறினார்.

சிங்கப்பூரில் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எந்தத் தேதிவரை தங்கலாம் என்பது மின்னஞ்சலில் வரும். போவதற்கு முந்தைய 3 நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்புகிறோமே, அதில் கொடுத்த மின்னஞ்சலுக்கு வரும். அத்தாச்சிக்கு மின்னஞ்சல் கிடையாது என்பதால் நான் என் கடை முகவரியைக் கொடுத்திருந்தேன். மறுநாள் காலையில் கடை திறந்து பார்க்கிறேன், 30 நாள் என்று வந்திருக்கிறது. காலண்டரில் பென்சிலால் எண்ணிப் பார்த்தேன். டாக்டர் சொன்ன தேதிக்கும் அத்தாச்சி கிளம்ப வேண்டிய தேதிக்கும் நடுவில் ஐந்தே நாள்.

போன் போட்டுச் சொன்னேன். "தீட்டுக்கூடக் கழியாம எப்படித் தம்பி வருவேன்?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மகளும் மருமகனும் நாள் முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்தார்கள். பதில் வரும்வரை அத்தாச்சி பெட்டியைப் பிரிக்கவில்லை. லேகிய டப்பா மட்டும் வெளியே இருந்தது. நீட்டிப்பு கிடைத்தது, கிடைத்ததும் நல்லதாயிற்று. குழந்தை பழைய கெடு முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் பிறந்தது. ஆனால் நீட்டிப்பு என்பது நாம் கேட்பது, அவர்கள் விருப்பப்பட்டால் தருவது. அதை நம்பிப் பயணம் கட்டக்கூடாது. அன்றிலிருந்து வருகை அட்டையில் பிள்ளைகளின் மின்னஞ்சலைத்தான் போடுகிறேன்.

ஆகவே உங்களை நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது, "எத்தனை நாள் இருக்க ஆசை?" என்பதல்ல. "எல்லாம் தள்ளிப்போனால் அதிகபட்சம் எத்தனை நாள் இருக்க வேண்டி வரும்?" அந்த எண்ணை வைத்து விசாவைத் தேர்ந்தெடுங்கள். திரும்பவும் சொல்கிறேன், அதிகபட்ச நாள். துபாய்க்கு 30 நாள் சுற்றுலா விசாவும் இருக்கிறது, 60 நாளும் இருக்கிறது. கட்டணத்தில் மிச்சம் பிடிக்க 30 நாள் எடுத்துவிட்டுக் கூடுதலாகத் தங்கினால், நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம். மிச்சம் பிடித்தது எங்கே போயிற்று?

ஜெர்மனி, பிரான்ஸ் எல்லாம் சேர்ந்த ஷெங்கன் விசாவில் கணக்கு இன்னும் கறார். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. அதிலும் உங்கள் விசாவில் எத்தனை நாள் போட்டிருக்கிறதோ அவ்வளவுதான். 20 நாள் என்று கேட்டால் 20 நாள் அளவில்தான் தருவார்கள், அங்கே போய் நீட்டிப்பது மிக அரிது.

2024-இல் பாபநாசம் பக்கத்து விவசாயி ஒருவர் மகனைப் பார்க்க ஜெர்மனி கிளம்பினார். "எப்ப திரும்புவீங்கய்யா?" என்றேன். "மேட்டூர் திறந்தா வந்துடுவேன்" என்றார். நேயர்களுக்குத் தெரியும், ஜூன் 12 என்பது வழக்கம், அவ்வளவுதான். 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள். இவர் கிளம்பிய 2024-இல் அணையில் தண்ணீர் இல்லை, எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. நான் 90 நாள் கேட்கச் சொன்னேன். மகன் அங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில், அப்பாவின் செலவுக்குத் தானே பொறுப்பு என்கிற பொறுப்பேற்புக் கடிதம் வாங்கி அனுப்பினார், விசா கிடைத்தது. மே 1 போய் இறங்குவது, ஜூலை 31 கிளம்புவது, "மூணு மாசம் சரியா இருக்கு" என்று மகன் டிக்கெட் பார்த்துவைத்திருந்தார். காலண்டரை எடுத்தேன். போய் இறங்கும் நாளும் கணக்கு, கிளம்பும் நாளும் கணக்கு. மே மாதத்தில் 31 நாள், ஜூனில் 30 நாள், ஆக 61 நாள். ஜூலை 29-இல் 90 முடிகிறது. மூன்று மாதம் வேறு, 90 நாள் வேறு! டிக்கெட்டை ஜூலை 27-க்கு மாற்றினோம், அதுவும் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக. ஜூலை 28-இல் மேட்டூர் திறந்தது. தண்ணீர் கல்லணைக்கு வருவதற்குள் அவர் ஊர் வந்து சேர்ந்துவிட்டார்.

அமெரிக்காவுக்குப் பத்து வருட விசா வைத்திருப்பவர்கள் இங்கே நிறைய. அந்தப் பத்து வருடம் நுழைவதற்கு. தங்கும் நாளை அங்கே விமான நிலையத்து அதிகாரி முடிவு செய்வார், வழக்கமாக 6 மாதம். அது ஐ-94 என்ற பதிவில் இருக்கும், போனதும் இணையத்தில் எடுத்துப் பார்த்துவிடுங்கள். கூடுதல் நாள் வேண்டுமென்றால் அந்தத் தேதிக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கெடு தாண்டி 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டுக் கிளம்பினால் 3 வருடம் உள்ளே விடமாட்டார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆனால் 10 வருடம். பேரக்குழந்தையை 10 வருடம் போய்ப் பார்க்க முடியாது என்று நினைத்துப் பாருங்கள்.

பக்கத்து நாடு என்று அசட்டையாகவும் இருக்க வேண்டாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கியதிலிருந்து யாழ்ப்பாணம் போய்வருபவர்கள் கூடியிருக்கிறார்கள். இலங்கைச் சுற்றுலா அனுமதி முதலில் 30 நாள். ஐப்பசி கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்கும். அந்தப் பருவத்தில் 28-ஆம் நாளுக்குத் திரும்பும் கப்பலைப் பதிவு செய்யாதீர்கள். ஒரு வாரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். விண்ணப்பத்தில் 20 நாள் என்று எழுதிவிட்டு 80 நாள் இருக்கும் எண்ணத்தோடு போகாதீர்கள். பிரசவம் என்றால் பிரசவம் என்றே எழுதுங்கள், டாக்டர் சீட்டை இணையுங்கள். காரணம் தெளிவாக இருந்தால் கூடுதல் நாள் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்து விரல் காட்டுகிறார்கள். ஆஸ்திரேலியா பற்றியும் இன்ஷூரன்ஸ் பற்றியும் எழுதி வந்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். ஆஸ்திரேலியா விசாக் கடிதத்தில் 8503 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கே இருந்துகொண்டு மேற்கொண்டு தங்க விண்ணப்பிக்க முடியாது என்று பொருள். அப்புறம் இன்ஷூரன்ஸ். டிக்கெட் தேதிவரை எடுக்காமல், நான் சொன்ன அந்த அதிகபட்ச நாள்வரை எடுங்கள். தேதியைத் தள்ளிப்போட்டால் அதையும் சேர்த்து நீட்டுங்கள், பழைய பாலிசி முடிவதற்கு முன்பே. வணக்கம்.