பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டியைக் கழற்றும் முன்

நேயர்களுக்கு வணக்கம். அலுவலகம், ஆலை, விடுதி என்று எங்கே போனாலும், வரவேற்பு மேசைக்குப் பின்னாலோ மாடிப்படிக்கு அடியிலோ சுவரில் மாட்டிய ஒரு பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். வெளியிலிருந்து வரும் நாலைந்து லைன்களை உள்ளே இருக்கும் நாற்பது ஐம்பது எக்ஸ்டென்ஷன்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் இ.பி.ஏ.பி.எக்ஸ். அது. அதைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதுமே என் தொழில். இப்போது பலரும் அதைக் கழற்றிவிட்டு, கணினி நெட்வொர்க் வழியே பேசும் ஐ.பி. தொலைபேசிக்கு மாறுகிறார்கள். விற்பனையாளர் தரும் கொட்டேஷனில் அழைப்புப் பதிவு, கைப்பேசியிலேயே எக்ஸ்டென்ஷன், 'தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்' என்னும் குரல் என வசதிகள் வரிவரியாக இருக்கும். அவை பயனுள்ளவைதாம். ஆனால் இரண்டு நிறுவனங்களின் பட்டியல்களை ஒப்பிடும் முன், பட்டியலில் இல்லாத இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: பதற்றத்தில் ஒருவர் 101 என்றோ 108 என்றோ அழுத்தினால் மணி எங்கே அடிக்கும்?

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை. இரவு ஷிஃப்டில் பஞ்சு குடோனிலிருந்து புகை வர, டைம் ஆபீஸ் குமாஸ்தா தொலைபேசியை எடுத்து 101ஐ அழுத்தினார். அந்த ஆலையில் எக்ஸ்டென்ஷன் எண்கள் 101இல் தொடங்கின. 101 மேலாளரின் அறை. பூட்டிக் கிடந்த அறைக்குள் மணி அடித்துக்கொண்டே இருக்க, தீயணைப்பு நிலையத்தில் யாரும் எடுக்கவில்லை என்று நினைத்து அவர் மூன்று முறை அழுத்தியிருக்கிறார். கடைசியில் காவலாளி ஓடிவந்து, முதலில் 0 போட்டு வெளி லைன் எடுத்த பிறகே வண்டி வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. மறுநாள் நான் போனபோது அந்தத் தொலைபேசிக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தேன். 'மேலாளர் – 101' என்று மேலேயும், நாலு வரி தள்ளி 'தீயணைப்பு – 101' என்று கீழேயும் ஒரே கையெழுத்தில் எழுதியிருந்தது. அந்த எக்ஸ்டென்ஷன் எண்களைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். அன்றிலிருந்து இந்தக் கேள்வியை நான் விட்டதில்லை.

2013இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், விடுதி அறையில் தாய் தாக்கப்பட்டபோது ஒன்பது வயது மகள் அந்நாட்டு அவசர உதவி எண்ணான 911ஐ நான்கு முறை அழுத்தினாள். வெளி லைனுக்கு முதலில் 9 போட வேண்டும் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியவில்லை. தாய் இறந்துபோனார். அவர் பெயரால் வந்த கேரி சட்டத்தின்படி, 2020 பிப்ரவரி முதல் அங்கே புதிதாகப் பொருத்தும் அமைப்புகளில் 911 நேரடியாகப் போயாக வேண்டும். நீங்களும் உங்கள் எக்ஸ்டென்ஷன் எண்களின் முதல் இலக்கம் 2 ஆக இருக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். 100, 101, 108, 112 ஆகியவை 0 இல்லாமலே வெளியே போகும்படி அமைத்துத் தரச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்வி: கரண்ட் போனால் எத்தனை தொலைபேசிகள் பேசும்? பழைய தொலைபேசிக்குத் தனியே பிளக் கிடையாது. பெட்டியிலிருந்து வரும் இரண்டு செம்புக் கம்பிகளிலேயே மின்சாரமும் வருகிறது. பெட்டிக்குப் பேட்டரி இருந்தால் எல்லாத் தொலைபேசிகளும் பேசும். பேட்டரியும் தீர்ந்துபோனால், ஒரு வெளி லைனைக் குறிப்பிட்ட ஒரு தொலைபேசிக்கு நேராக இணைத்துவிடும் ஏற்பாடு பல பெட்டிகளில் உண்டு. ஐ.பி. தொலைபேசியோ பெரும்பாலும் அந்தந்த மாடியில் உள்ள நெட்வொர்க் சுவிட்ச் என்னும் இணைப்புப் பெட்டியிலிருந்து கேபிள் வழியே மின்சாரம் பெறுகிறது. ஆகவே அழைப்புகளை இணைக்கும் சர்வருக்கு மட்டும் யு.பி.எஸ். வைத்தால் போதாது, ஒவ்வொரு மாடி சுவிட்சுக்கும், ரவுட்டருக்கும், ஃபைபர் மோடத்துக்கும் வேண்டும். கொட்டேஷனில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பணம் முழுவதையும் கொடுக்கும் முன், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒவ்வொரு மாடியிலிருந்தும் பேசிப் பாருங்கள்.

நேரம் நெருங்கிவிட்டதாக நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். மூன்றாவதாக விரிவாகச் சொல்ல நினைத்ததைச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. பெயர்ப்பலகையிலும் பில்லிலும் அச்சடித்த பழைய எண் புதிய அமைப்பிலும் தொடருமா என்று எழுத்தில் வாங்குங்கள். லிஃப்டுக்குள் இருக்கும் தொலைபேசியும் ஃபேக்ஸும் பழைய கம்பியில்தான் ஓடும். அவற்றுக்குத் தனி அடாப்டர் தேவைப்படும். புதியது ஒரு மாதமாவது ஓடும்வரை பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். வணக்கம்.