முதலில் டிரையர், பிறகுதான் மெஷின்

நேயர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் டி-ஷர்ட்டுக்கு டேபிளில் கையால் ஸ்க்ரீன் பிரிண்ட் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவர்கள், ஒரு கட்டத்தில் ஆட்டோமேட்டிக் பிரிண்டிங் மெஷின் வாங்கலாமா என்று விசாரிக்கத் தொடங்குவார்கள். விசாரிப்பு பெரும்பாலும் இரண்டு கேள்வியோடு ஆரம்பிக்கும். எத்தனை கலர்? மணிக்கு எத்தனை பீஸ்? இரண்டுமே கேட்க வேண்டியதுதான். ஆனால் முதலில் கேட்க வேண்டியது அதுவல்ல. பிரிண்ட் ஆன பீஸ் எங்கே, எவ்வளவு நேரம், எத்தனை டிகிரியில் காயப்போகிறது? பீஸை பெல்ட்டில் நகர்த்தி மையைச் சூட்டில் வேகவைக்கிற டிரையரிலிருந்து ஆரம்பித்து, பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். இதை இன்று இரண்டு மூன்று தடவை சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. மெதுவாகச் சொல்கிறேன், பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். டிரையரில் சூடு படுகிற பகுதி 10 அடி நீளம், பெல்ட் 4 அடி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் டி-ஷர்ட்டின் முன்பக்கக் கட்டிங் பீஸ், அதாவது தைக்கும் முன் வெட்டிய துண்டு, ஏறக்குறைய 22 அங்குல அகலம், 30 அங்குல நீளம் இருக்கும். பெல்ட்டின் குறுக்கே இரண்டு பீஸ் போடலாம். நீளவாக்கில் ஒரு வரிசைக்கு இரண்டரை அடி, ஆக 10 அடிக்கு நான்கு வரிசை. எந்த நேரத்திலும் டிரையருக்குள்ளே இருப்பது 8 பீஸ்.

தண்ணீர் இல்லாத, பி.வி.சி கலந்த பிளாஸ்டிசால் இங்க் என்றால், மை முழுப் பருமனுக்கும் 160 டிகிரியைத் தொட வேண்டும். உள்ளே ஒரு நிமிடம் இருந்தால் போதும் என்று வைத்தால், நிமிடத்துக்கு 8 பீஸ், மணிக்கு 480. அருமை. இப்போது அதே டிரையரில் நிறப்பொடி கலந்த பிக்மென்ட்டோ, தண்ணீர் கலந்த நான்-பி.வி.சி இங்க்கோ, துணியின் சாயத்தை நீக்குகிற டிஸ்சார்ஜோ போடுங்கள். அதற்கு இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் வேண்டும். இரண்டு நிமிடம் என்றால் மணிக்கு 240. மூன்று நிமிடம் என்றால் 160. மெஷின் 450 பீஸ் அடிக்கத் தயாராக நிற்கும், டிரையர் 160-தான் விழுங்கும். மீதி எங்கே போகும்? ஒன்று, மெஷினை நிறுத்தி நிறுத்தி ஓட்ட வேண்டும். அல்லது பெல்ட் வேகத்தைக் கூட்டி, வேகாத பீஸை வெளியே தள்ள வேண்டும். பட்டறையில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது. அந்தப் பீஸ் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். வாஷ் டெஸ்டில் கலர் இறங்கும், அல்லது இழுத்தால் வெடிக்கும். அதற்குள் பீஸ் தைத்து முடிந்திருக்கும்.

தண்ணீர் கலந்த இங்க்குக்கு ஏன் இவ்வளவு நேரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் டிரையர் விற்கிறவரிடம் சரியான கேள்வி கேட்கலாம். மையிலும் துணியிலும் தண்ணீர் இருக்கிற வரைக்கும் அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. எவ்வளவு அனல் கொடுத்தாலும் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். தண்ணீர் முழுக்கப் போன பிறகுதான் சூடு மேலே ஏறி, நிறத்தைத் துணியோடு ஒட்டவைக்கிற பைண்டர் பிடிக்க ஆரம்பிக்கும். ஆகவே டிரையரின் முதல் பாதி வெறும் உலர்த்தும் வேலைக்கே போய்விடும். ஆவியை வெளியே இழுக்கிற எக்ஸாஸ்டும், பீஸின் மேல் வேகமாகக் காற்று அடிக்கிற ப்ளோயரும் இல்லாத வெறும் ஹீட்டர் டிரையரில், ஆவி உள்ளேயே தங்கிவிடும். பிளாஸ்டிசாலுக்கு அது ஓடும். நான்-பி.வி.சிக்கு ஓடாது. குழந்தைகள் துணிக்கு பி.வி.சி வேண்டாம், பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கிற தாலேட் வேண்டாம் என்று பையர் கேட்கிற ஆர்டர் உங்களுக்கு வருகிறதென்றால், முதல் முடிவு இங்கேதான்.

இன்னொன்று. டிரையர் டிஸ்பிளேயில் 160 என்று எரிகிறதே என்று நம்பாதீர்கள். அது உள்ளே இருக்கிற சென்சாரின் சூடு. மையின் சூடு வேறு. சூட்டை அளக்கிற தெர்மோகப்பிள் ஒயரின் நுனியை ஈர மையின் மேலேயே பதித்து, பீஸோடு சேர்த்து உள்ளே அனுப்பி, மறுமுனையில் மீட்டரைப் பார்க்க வேண்டும். பெல்ட்டின் நடுவில் ஒரு தடவை, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு தடவை. ஓரத்தில் குறைகிற டிரையர்கள் நிறைய. டெமோவுக்குப் போகும்போது இந்த மூன்று ரீடிங்கையும் கேளுங்கள். ஒரு கியூரிங் முடிந்த பீஸை எடுத்து பிரிண்ட்டை இரண்டு கட்டைவிரலாலும் இழுத்துப் பாருங்கள். பிளாஸ்டிசால் விரிசல் விட்டால் வேகவில்லை.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் இங்கேயே கேட்டுவிட வேண்டும். பெல்ட் நின்றுவிடும், உள்ளே இருக்கிற 8 பீஸும் கருகும். கையால் சுற்றுகிற கைப்பிடி இருக்கிறதா, அல்லது பெல்ட் மோட்டாருக்கு மட்டும் தனியாக யு.பி.எஸ் கொடுக்க வழி இருக்கிறதா? சின்ன விஷயம்போலத் தெரியும். கட்டிங் பீஸில் ஒன்று கருகினாலும் அதற்கு மாற்றுப் பீஸ் அதே லேயில், அதாவது ஒன்றாக விரித்து வெட்டிய துணி அடுக்கில், இருக்காது.

கட்டிங் பீஸ் என்று சொன்னேன் அல்லவா, வெளிநாட்டு மெஷின் கேட்லாக்குகள் நமக்கு முழுசாகப் பொருந்தாததற்குக் காரணமே அதுதான். அமெரிக்காவில் தைத்து முடித்த டி-ஷர்ட்டை பேலட்டில், அதாவது துணி உட்காருகிற மெஷின் பலகையில், மாட்டி இழுத்துவிட்டுப் பிரிண்ட் போடுகிறார்கள். திருப்பூரில் பெரும்பாலும் வெட்டிய பீஸிலேயே போடுகிறோம். அதனால் பேலட்டின் கழுத்து வடிவம் நமக்கு முக்கியமில்லை, அகலமும் நீளமும் முக்கியம். சிங்கிள் ஜெர்ஸி பீஸின் ஓரம் வெட்டியவுடன் சுருண்டுகொள்ளும். சின்ன பேலட்டில் அந்தச் சுருள் வெளியே தொங்கி, மையை இடையில் சட்டென்று காயவைக்கிற பிளாஷ் ஹீட்டர் அடியிலோ, அடுத்த கலர் அடிக்கிற ஹெட்டிலோ மடிந்து மேலே ஏறிவிடும். பீஸின் ஓரம் வரை உட்கார்கிற பேலட்டாகக் கேளுங்கள்.

ஒவ்வொரு பீஸிலும் பண்டில் ஸ்டிக்கர் இருக்கும். ரோலுக்கு ரோல் ஷேடு மாறுகிறது, முன்பக்கமும் பின்பக்கமும் கையும் ஒரே லேயிலிருந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான் அந்த எண். டேபிளில் பீஸ் இருந்த இடத்திலேயே காய்கிறது, வரிசை மாறாது. ஆட்டோமேட்டிக்கில் டிரையரின் வாயில் நிமிடத்துக்கு ஏழு எட்டுப் பீஸ் கொட்டும். அங்கே ஓர் ஆள் நின்று, பிரிண்ட்டையும் பார்த்து, எண் வரிசையிலும் அடுக்க வேண்டும். ஆள் குறையும் என்று கணக்குப் போடும்போது இந்த ஆளை மறந்துவிடாதீர்கள். லோடு செய்ய ஒருவர், எடுத்து பெல்ட்டில் போட ஒருவர், டிரையர் முனையில் ஒருவர், இங்க் ஊற்றி மெஷினைப் பார்த்துக்கொள்ள ஒருவர். நான்கு பேருக்குக் குறையாது.

சரி, டிரையரிலிருந்து ஒரு படி முன்னால் வருவோம். எத்தனை கலர்?

மெஷினில் 10 கலர் 12 ஸ்டேஷன், அதாவது பேலட் நிற்கிற 12 இடம், என்று எழுதியிருக்கும். லோடிங்குக்கு ஒன்று, அன்லோடிங்குக்கு ஒன்று, மீதி 10. கறுப்புத் துணியில் பிரிண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வெள்ளை பேஸ். அடுத்த இடத்தில் பிளாஷ். பிளாஷ் பட்ட மை சூட்டில் பசைபோல ஒட்டும், உடனே அடுத்த ஸ்க்ரீன் இறங்கினால் அதன் அடியில் பிடித்துக்கொள்ளும். அதனால் அடுத்த ஸ்டேஷன் ஆறுவதற்கு. மூன்று இடம் போயிற்று. பிறகு நான்கு கலர். மறுபடி ஒரு பிளாஷ், ஒரு கூலிங், கடைசியில் ஹைலைட் வெள்ளை. எண்ணிப் பாருங்கள், பத்தும் முடிந்துவிட்டது. 10 கலர் மெஷினில் கறுப்புத் துணிக்குக் கிடைத்தது நான்கு கலரும் ஒரு ஹைலைட்டும். மேலே உப்பி நிற்கிற பஃப், மினுங்குகிற கிளிட்டர் என்று கேட்டால் இடம் இல்லை. உங்களிடம் வருகிற ஆர்டரில் வெளிர் துணி எத்தனை பங்கு, அடர் துணி எத்தனை பங்கு என்று பழைய ஆர்டர் நோட்டைப் புரட்டி எழுதிவிட்டுத்தான் ஹெட் எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டும்.

வட்ட மெஷினா, ஓவலா என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. வட்ட மெஷினுக்கு ஏறக்குறைய சதுரமான இடம் போதும், விலையும் குறைவு, ஆனால் வாங்கிய அன்று என்ன ஸ்டேஷனோ கடைசி வரைக்கும் அதுதான். ஓவலுக்கு நீளமான ஹால் வேண்டும். பிளாஷ் வைக்கவும் ஆறவிடவும் அதில் இடம் நிறைய. பல மாடல்களில் பிற்பாடு ஸ்டேஷன் சேர்க்கலாம். ஸ்பெஷல் எஃபெக்ட் வேலைதான் உங்கள் பிழைப்பு என்றால் ஓவலைப் பாருங்கள். இல்லையென்றால் வட்டமே போதும்.

மணிக்கு எத்தனை பீஸ்? கேட்லாக்கில் 900, 1000 என்று இருக்கும். அது மெஷின் வெறுமனே சுற்றுகிற வேகம். கட்டிங் பீஸை மார்க்குக்குப் பார்த்து வைத்து, ஓரத்தை நீவிவிட ஒரு நல்ல ஆளுக்கு 8 வினாடி ஆகும். 8 வினாடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 450. அதற்கு மேல் மெஷினால் முடியும், ஆளால் முடியாது. பிளாஷ் நேரமும் 8 வினாடிக்குள் அடங்க வேண்டும்.

அதைவிட முக்கியம் செட்டிங் நேரம். 300 பீஸ் ஆர்டர் ஓட 40 நிமிடம். ஆறு ஸ்க்ரீன் ஏற்றி ரிஜிஸ்டர் சேர்க்க, அதாவது எல்லாக் கலரும் சரியான இடத்தில் விழவைக்க, 45 நிமிடம் என்றால், நாளில் பாதிக்கு மேல் மெஷின் சும்மா நிற்கிறது. 3000 பீஸ் ஆர்டர் என்றால் அந்த 45 நிமிடம் கணக்கிலேயே வராது. சின்ன ஆர்டர்காரர்கள் வேகத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஃபிலிம் ஒட்டுவதிலிருந்தே ஒரே அளவில் உட்காருகிற பிரீ-ரிஜிஸ்டர் ஜிக், பூட்டிய பிறகும் அசையாத மைக்ரோ ரிஜிஸ்டர் திருகு, ஒரே அளவு அலுமினிய ஃப்ரேம் இவற்றுக்குக் கொடுங்கள். பழைய மரச் சட்டத்தை ஆட்டோமேட்டிக்கில் ஏற்றலாம் என்று நினைக்க வேண்டாம், கோணும். ஸ்க்ரீனில் கட்டிய மெஷ் வலையின் இழுவிசையும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ஆறு ஸ்க்ரீனும் ஒன்றுக்கொன்று நெருங்கிய அளவில் இருந்தால்தான் ரிஜிஸ்டர் நிற்கும்.

ரிஜிஸ்டர் நழுவுகிறது என்று மெஷினைத் திட்டுகிறவர்கள் பலர். பாதி நேரம் குற்றவாளி துணி. பிளாஷ் பட்டதும் துணியிலிருக்கிற ஈரம் போய், பேலட்டிலேயே ஒரு மில்லிமீட்டர் சுருங்கிவிடும். பேஸ் சரியாக விழும், அடுத்த கலர் தள்ளி விழும். மை போடாமல் ஒரு தடவை பிளாஷ் அடியில் பீஸைச் சுற்றிவிட்டுப் பிறகு பிரிண்ட் போட்டுப் பாருங்கள். சரியாகிவிட்டால் அது துணியின் வேலை.

மெஷினைச் சோதிக்க வேறு வழி. எல்லா பேலட்டிலும் கெட்டித் தாள் ஒட்டி, முதல் ஹெட்டில் மெல்லிய கூட்டல் குறி ஒன்றை அடியுங்கள். ஒரு சுற்று முடிந்து வந்ததும் அதே குறியின் மேல் மறுபடி அடியுங்கள். நான்கைந்து சுற்று இப்படிப் போகட்டும். கோடு ஒரே கோடாக இருந்தால் நல்லது. ஒரு பேலட்டில் மட்டும் இரட்டைக் கோடு வந்தால் அந்தப் பேலட்டைத் தாங்குகிற கையில் ஆட்டம். எல்லாவற்றிலும் வந்தால் பேலட்டுகளைச் சுற்றி நிறுத்துகிற இண்டெக்ஸரிலோ, ஹெட் பூட்டிலோ கோளாறு. டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு பேலட்டின் உயரமும் பாருங்கள். ஒன்று தாழ்ந்திருந்தால் அதில் மட்டும் மை குறையும், செக்கிங்கில் பன்னிரண்டுக்கு ஒரு பீஸ் வெளுத்து நிற்கும், காரணமே தெரியாமல் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

டெமோவில் முதல் பத்துப் பீஸைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் டிசைன், உங்கள் துணி, உங்கள் இங்க் கொண்டுபோய் 200 பீஸ் நிற்காமல் ஓட்டச் சொல்லுங்கள். 150-க்குப் பிறகு வருவதைப் பாருங்கள். அதற்குள் பேலட்டுகள் பிளாஷ் சூட்டில் கொதித்திருக்கும். நான்-பி.வி.சி ஸ்க்ரீனிலேயே காய்ந்து மெஷ் அடைக்க ஆரம்பிப்பது அப்போதுதான்.

நேரம் குறைந்துகொண்டே வருகிறது. கரண்ட்டும் காற்றும் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 10 கிலோவாட் பிளாஷ் மூன்று என்றால் 30. எலெக்ட்ரிக் டிரையர் 40 என்று வையுங்கள். 10 குதிரைத்திறன் கம்ப்ரஸர் ஏழரை. மெஷினைச் சேர்க்காமலே 77 கிலோவாட்டைத் தாண்டிவிட்டது. இப்போதைய இணைப்பு தாங்குமா, ஜெனரேட்டர் தாங்குமா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். கேஸ் டிரையர் எடுத்தால் இந்தச் சுமையில் பாதி இறங்கும். காற்றில் ஓடுகிற ஹெட் என்றால் கம்ப்ரஸருக்கு ஏர் டிரையர் கட்டாயம். மழைக்காலத்தில் லைனில் தண்ணீர் சேர்ந்தால் சிலிண்டர் சீல் கெட்டு, மையை இழுக்கிற ஸ்க்வீஜி வேகம் ஹெட்டுக்கு ஹெட் மாறும்.

செகண்ட் ஹேண்ட் மெஷின் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். மூன்று மட்டும். அமெரிக்க மெஷின் என்றால் அங்கே 60 ஹெர்ட்ஸ், வோல்டேஜும் நம்முடைய 415 அல்ல, டிரான்ஸ்ஃபார்மர் செலவையும் மோட்டார் வேகம் குறைவதையும் சேர்த்து விலை பேசுங்கள். கேஸ் டிரையர் இயற்கை எரிவாயுவுக்குச் செய்ததா, எல்.பி.ஜிக்கா என்று கேளுங்கள், பர்னர் ஜெட் மாற்ற வேண்டி வரும். கண்ட்ரோல் போர்டும் சர்வோ டிரைவும் இன்னும் கிடைக்கிற மாடலா என்பதை விற்கிறவர் வாய்வார்த்தையில் விடாமல், பார்ட் நம்பரைக் குறித்துக்கொண்டு வந்து கம்பெனியிடமே எழுதிக் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.