தகரப் பெட்டியும் ஒரு பல்கலைக்கழகமும்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்த என் ஐயா ஊருக்கு எழுதிய கடிதங்கள் அதில் உண்டு. போன விடுமுறையில் பேத்தி ஒரு கடிதத்தை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"அப்பத்தா, நடப்பு வட்டின்னா என்ன?"

அவள் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறவள். ரங்கூனில் இருந்த நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், தங்கள் முருகன் கோயிலில் கூடி, தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கான வட்டியை முடிவு செய்வார்கள், அதுதான் என்றேன். "வட்டியைக் கோயில்லயா பேசுவாங்க?" என்றாள். அதற்குப் பதில் சொல்லப் பொருளாதாரம் மட்டும் போதவில்லை. பர்மாவில் நெல் விளைந்த கதை வேண்டும், முருக வழிபாடு தெரிய வேண்டும், அந்தக் காலத்துக் கையெழுத்து பிடிபட வேண்டும்.

கலை, அறிவியல் என்று பல துறைகளையும் சேர்த்துப் படிப்பதை லிபரல் ஆர்ட்ஸ் படிப்பு என்கிறார்களே, எனக்கு அது இந்தக் கடிதத்தில்தான் புரிந்தது. அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகம் இதற்குப் பேர்போனது. 1890இல் ராக்ஃபெல்லர் கொடுத்த பணத்தில் தொடங்கிய தனியார் ஆய்வுப் பல்கலைக்கழகம். இளங்கலையில் இயற்பியல் படிக்கப் போகிற பிள்ளையும் அங்கே இலக்கியமும் சமூக அறிவியலும் படித்தாக வேண்டும். இலக்கியப் பிள்ளைக்குக் கணிதமும் உயிரியலும் உண்டு. நோபல் பரிசு பெற்ற நம் வானியற்பியலாளர் சந்திரசேகர் வேலை பார்த்தது அங்கேதான். சங்கப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஏ.கே. ராமானுஜன் கற்பித்ததும் அங்கேதான்.

அந்தப் பல்கலைக்கழகம் காரைக்குடிப் பக்கத்து நம் கோட்டையூருக்கே வந்ததை எத்தனை பேர் அறிவோம்? ரோஜா முத்தையா கோட்டையூரில் வாழ்நாளெல்லாம் அச்சுத்தாள் சேர்த்தவர். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று ஏறத்தாழ 1 லட்சம் உருப்படிகள். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைகொடுத்து வாங்கியது. ஆனால் கப்பலேற்றவில்லை, சென்னையிலேயே நூலகமாக வைத்தது. அந்த முடிவுக்கு நான் கைகூப்புகிறேன்.

கலையும் அறிவியலும் சேர்ந்தே வளர வேண்டும் என்று வள்ளல் அழகப்பச் செட்டியாரும் நினைத்தவர்தான். 1947இல் காரைக்குடியில் கலைக் கல்லூரி. மறு ஆண்டே மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார், அதற்கு 300 ஏக்கர் கொடுத்தவர் அழகப்பர். இரண்டையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. நாம் மட்டும், "ஆர்ட்ஸ் எடுத்தா என்ன வேலை கிடைக்கும்?" என்று பிள்ளையின் ஆசையை அடக்கிவிடுகிறோம்.

இன்னொரு வருத்தமும் உண்டு. வீட்டைப் பிரிக்கும்போது தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு நல்ல விலைக்குப் போகின்றன. பேரேடுகளும், இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தங்களும், கல்யாணச் சாமான் பட்டியல்களும் எடைக்குப் போகின்றன. தயவுசெய்து போடாதீர்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் முதலில் அதன் கையில் கொடுங்கள்.

என் பேத்தி ஒவ்வொரு கடிதத்தையும் படமெடுத்து வைக்கிறாள். 40 முடிந்தது. பெட்டியில் பாதிக்கு மேல் பாக்கி இருக்கிறது, தீபாவளிக்கு வரும்போது பார்க்கலாம் என்று சொல்லிப் போயிருக்கிறாள்.

வணக்கம்.