தேயத் தேயக் கூராகும் பல்

நண்பர்களே, முதலில் ஒரு சின்ன வேலை. நாக்கு நுனியால் மேல் கடைவாய்ப்பல் ஒன்றைத் தடவிப் பாருங்கள். மேடு, பள்ளம், மறுபடி மேடு. அத்தனையும் ஈறுக்குள்ளேயே, அந்தப் பல் எதையும் கடித்துப் பார்ப்பதற்கு முன்பே, செய்து முடிக்கப்பட்டவை. எலும்பு உடைந்தால் கூடும், தோல் கிழிந்தால் ஆறும். பல்லின் கடினமான வெளியுறையான எனாமல் அப்படியில்லை. அதைக் கட்டிய செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. அப்புறம் தேய்மானம்தான்.

முதலைக்கு இந்தக் கவலை கிடையாது. அதற்குப் பல் விழ விழ முளைக்கும். பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டே தடவைதான். ஏன் இந்தக் கஞ்சத்தனம்? ஆய்வாளர்கள் பலர் சொல்லும் விடை பாலில் இருக்கிறது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. முதலைக் குஞ்சு தானே இரை பிடிக்க வேண்டும். தாடை பெருக்கப் பெருக்கப் பல்லையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பால் குடிக்கும் குட்டிக்கு என்ன அவசரம்? தாடை ஓரளவு வளர்ந்தபின் பல் வந்தால் போதும். அடிக்கடி மாறாத பல்தான் எதிர்ப்பல்லோடு கச்சிதமாகப் பொருந்தி உட்கார முடியும்.

சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் மார்கனுகோடான் என்றொரு மூஞ்சூறு அளவுப் பிராணி இருந்தது. அதன் கடைவாய்ப்பற்கள் முளைத்தபோது சரியாகப் பொருந்தவில்லை. நன்றாக உரசித் தேய்ந்த பிறகுதான் பொருந்தின. பல்லைச் சீவி முடித்ததே தேய்மானம்தான். இதை நினைவில் வையுங்கள், திரும்பி வருகிறேன்.

பின்னால் வந்த பாலூட்டிகளில் மேல்பல்லின் ஒரு மேடு கீழ்ப்பல்லின் குழியில் இறங்கியது. உலக்கையும் உரலும்தான்! இறங்கும் வழியில் பல்லின் ஓரங்கள் ஒன்றோடொன்று உரசி வெட்டவும் செய்தன. நறுக்கல், இடித்தல் இரண்டும் ஒரே கடியில். அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஜார்ஜ் கேலார்ட் சிம்ப்சன் 1936இல் இதற்கு 'டிரைபோஸ்பெனிக்' என்று பெயர் வைத்தார். தேய்த்தல், ஆப்பு என்ற பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. பூனைகள் பிற்பாடு உரலைக் கைவிட்டுக் கத்தியை மட்டும் வைத்துக்கொண்டன. நமக்கு உரல் மிஞ்சியது.

சரி, தேய்மானத்துக்கு வருவோம். எலியின் வெட்டுப்பல்லைப் பக்கவாட்டில் பாருங்கள். முன்பக்கம் மட்டும் எனாமல், பின்பக்கம் அதைவிட மென்மையான டென்டின், அதாவது எனாமலுக்கு உள்ளே இருக்கும் பல்லின் உட்பொருள். கொறிக்கும்போது பின்பக்கம் வேகமாகத் தேய, முன்விளிம்பு உளிபோலத் துருத்தி நிற்கிறது. சாணை பிடிக்க ஆள் வேண்டாம். வேர்ப்பக்கத்தில் பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் கட்டையாகிப் போவதும் இல்லை.

குதிரையின் கதை இதைவிடச் சுவை. சுமார் 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அதன் மூதாதை நாய் அளவு, இலை தின்றது, பல் குட்டை. புல்வெளிகள் பரவியபின் பல் உயர்ந்தது. காரணம் புல்லிலுள்ள சிலிக்காவா, அதோடு வாய்க்குள் போகும் மண்ணா என்று இன்னும் வாதம் நடக்கிறது. மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி. இன்றைய குதிரையின் கடைவாய்ப்பல்லில் எனாமல், டென்டின், எலும்பு போன்ற பூச்சான சிமெண்டம் மூன்றும் மடிப்பு மடிப்பாகப் பின்னியிருக்கும். புதிதாக முளைத்த பல் நன்றாக அரைக்காது. மேல்பூச்சு தேய்ந்தபின், கடினமான எனாமல் வரப்புகளாக எழுந்து நிற்க, மற்ற இரண்டும் பள்ளமாகும். அப்போதுதான் அது அரைக்கும் கல். தேயத் தேய, தாடைக்குள் புதைந்திருக்கும் மிச்சப் பல் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் மேலே வரும்.

யானை வேறு வழி கண்டது. தாடையின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆயுள் முழுதும் ஆறு அரைக்கும் பற்கள். எல்லாம் ஒரே நேரத்தில் இல்லை. பின்னாலிருந்து ஒன்று நகர்ந்து வர, முன்னால் உள்ளது தேய்ந்து பாளம் பாளமாக உதிரும்.

தந்தம் கோரைப்பல்தானே என்று யாராவது கேட்பீர்கள். இல்லை, மேல் வெட்டுப்பல். நுனியில் சிறு எனாமல் தொப்பியோடு வரும். அது சீக்கிரமே தேய்ந்துவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் டென்டின். யானை இருக்கும்வரை வளரும்.